இருபத்து நான்கு பேரும் ஒரு மீன்பிடித் தடையும்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம் "மருந்துக் கம்பெனிகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன்" என்பேன். உடனே அவர்கள் வருமான வரியில் ஒரு சந்தேகம் கேட்பார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருக்கும் மாடிக்குக் கீழே சுக்குக் கிடங்கு வைத்திருக்கும் சேட்டன் என்னை 'ஆடிட்டர் சாரே' என்றுதான் கூப்பிடுகிறார். ஆரம்பத்தில் மறுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயா வாங்கிக் கொடுத்து முழுவதுமாக விளக்கியும் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டவர், "எல்லாம் மனசிலாயி. அப்போ ரிட்டர்ன் எப்ப ஃபைல் செய்யணும்?" என்றார். அன்றிலிருந்து ஆடிட்டராகவே இருந்துவருகிறேன்.

உண்மையில் என் வேலை இதுதான். ஒரு கம்பெனி பெயர் பெற்ற மாத்திரை ஒன்றை நெடுநாளாக விற்றுவருகிறது. இன்னொரு கம்பெனி அதே மருந்தைத் தன் மாத்திரையாகச் செய்து மலிவாக விற்க நினைக்கிறது. இரண்டும் உடம்புக்குள் போனபின் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றனவா என்று நிரூபித்தாக வேண்டும். ஆரோக்கியமான சிலரைக் கூப்பிட்டு, பாதிப் பேருக்கு முதலில் பழையது, மீதிப் பேருக்கு முதலில் புதியது என்று கொடுத்து, சில நாள் கழித்து மாற்றிக் கொடுத்து, இரண்டு தடவையும் மணிக்கு மணி ரத்தம் எடுத்து அளப்பார்கள். 'சிலரை' என்றேன் அல்லவா, அந்தச் சிலர் எத்தனை பேர் என்று சொல்வது என் பொறுப்பு. ஓர் எண். அதைச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் என் வேலை முடிந்தது. இதற்காக முதுகலைப் பட்டம் வரை படித்தேன் என்பதை என் அப்பா கடைசிவரை நம்பவில்லை.

அந்த எண் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், நானே இதைப் பயந்துகொண்டுதான் சொல்கிறேன்.

புதியதையும் பழையதையும் ஒப்பிட்டால் நூற்றுக்கு நூறு பொருந்த வேண்டும். பொருந்தாது. ஆகவே ஒரு வேலி போட்டு வைத்திருக்கிறார்கள்: கீழே எண்பது, மேலே நூற்றிருபத்தைந்து. ஆய்வின் முடிவில் நமக்குக் கிடைப்பது ஒரு புள்ளி அல்ல. 'உண்மை இங்கிருந்து அங்குவரை எங்கேயோ இருக்கிறது' என்று சொல்லும் ஒரு நீளம். அந்த நீளம் முழுவதும் வேலிக்குள் நிற்க வேண்டும். மட்டாஞ்சேரி ஜூ டவுனின் குறுகலான சந்துக்குள் சுற்றுலா வேனைத் திருப்புவதுபோல. வால் ஒரு பக்கம் இடித்தாலும் போச்சு. ஆட்கள் கூடினால் வேனின் நீளம் குறையும், குறைந்தால் கூடும்.

அப்படியானால் நூறு பேரை வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கூடாது. ஒவ்வொருவரும் மருந்து தேவைப்படாமலே மருந்து விழுங்கி, கையை நீட்டிக் குத்து வாங்கும் மனிதர். தேவைக்கு மேல் ஒருவரைக் குத்துவதும் தப்பு. போதாத ஆட்களைக் குத்திவிட்டு ஒன்றும் நிரூபணமாகாமல் அனுப்புவது அதைவிடத் தப்பு. இரண்டு தப்புகளுக்கும் நடுவில் ஓர் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது, ஒரே மனிதன் ஒரே மாத்திரையை இரண்டு வெவ்வேறு நாளில் விழுங்கினால் அவன் ரத்தம் எவ்வளவு மாறுபடும் என்பது. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வித்தியாசம் அல்ல, ஒருவர் தன்னிடமிருந்தே எவ்வளவு வேறுபடுகிறார் என்பது. திங்கள்கிழமையின் என்னையும் சனிக்கிழமையின் என்னையும் பார்த்திருக்கும் என் மனைவி, இந்த இடத்தை மட்டும் ஒரே தடவையில் புரிந்துகொண்டாள்.

அந்த மாறுபாட்டை யாரோ முன்பு செய்த ஆய்விலிருந்து எடுப்போம். இரண்டு மாத்திரைக்கும் உண்மையிலேயே ஐந்து சதவீதம் வித்தியாசம் இருக்கலாம் என்று நாமாகவே ஒரு பெருந்தன்மையோடு வைத்துக்கொள்வோம். மாத்திரை நல்லதாக இருந்து, நூறு தடவை இந்த ஆய்வைச் செய்தால் எண்பது தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்று கேட்போம். கணினி ஓர் எண்ணைச் சொல்லும். நான் சொல்லவந்த அந்த ஆய்வுக்கு இருபத்து நான்கு என்றது. பாதியில் விலகுகிறவர்கள் இருப்பார்களே, அதற்கு ஒரு நாலு பேரைச் சேர்த்து இருபத்தெட்டு என்று எழுதினேன். ஏன் நாலு? போன ஆய்விலும் ஏறக்குறைய அந்த அளவுதான் போட்டிருந்தோம். அதற்கு முந்தைய ஆய்வைப் பார்த்துப் போட்டது அது.

எங்கள் ஆய்வு மையம் இடப்பள்ளியில், பெரிய மால்களின் பின்பக்கம். கீழ்த்தளத்தில் கட்டில்கள், மேல்தளத்தில் மேசைகள். கீழே ரத்தம் எடுப்பார்கள், மேலே அதைப் பற்றிப் பேசுவோம். கீழ்த்தளத்தில் பல வருடமாக நைட் டியூட்டி பார்த்த நர்ஸ் ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், ஆலுவாக்காரர், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்ததில் தமிழ் பேசுவார். எல்லோரும் சிஸ்டர் என்போம். அந்த வருடம்தான் முதல் தடவையாக ஒரு ஆய்வின் பொறுப்பை டைரக்டர் அவரிடம் கொடுத்தார். ஆள் சேர்ப்பது, தேதி குறிப்பது, மருந்து கொடுப்பது, எல்லாவற்றுக்கும் அவரே தலைவி. கூடவே அன்பாக ஒன்றும் சொல்லிவைத்தார்: இது நல்லபடியாக முடிந்தால் பகல் பொறுப்பு நிரந்தரம், ஆள் போதாமல் படுத்துவிட்டால் ஹைதராபாத்திலிருந்து அனுபவசாலி ஒருவரைக் கூட்டிவர வேண்டியிருக்கும், சிஸ்டர் பழையபடி நைட் டியூட்டிக்குப் போகலாம்.

சிஸ்டருக்கு ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள். அம்மா வீட்டுக்கு வரும்போது மகள் பள்ளி வேனில் ஏறிக்கொண்டிருப்பாள். மகள் வரும்போது அம்மா தூங்கிக்கொண்டிருப்பார். "நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல குடியிருக்கோம்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித்தான் தெரியும் சாரே" என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு சரியாக வரவில்லை.

பொறுப்பு கிடைத்த அன்று மாலை என் மேசைக்கு வந்தார்.

"சாரே, ஒரு காரியம் கேக்கட்டா? கோபப்படக் கூடாது. இந்த இருபத்துநாலு எங்கருந்து வந்துச்சு?"

சொன்னேன். வேலி, வேன், எண்பது தடவை, எல்லாம்.

"அப்போ மாத்திரை நல்லதா இருந்தும், நாம எல்லாம் சரியா செஞ்சும், நூத்துல இருபது தடவ தோத்துப் போகுமா?"

"கணக்குப்படி அப்படித்தான் சிஸ்டர்."

"அந்த இருபதுல நம்ம ஆய்வு இருந்தா?"

பல வருடமாக இந்த எண்பதை எழுதிவருகிறேன். மீதி இருபதுக்கு ஒரு முகம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. "அதெல்லாம் இருக்காது. ஆனா இருபத்து நாலுக்குக் கீழ மட்டும் போகவிடாதீங்க" என்றேன். அதை ஏதோ வேதவாக்குபோல ஒரு குரலில் சொன்னேன். பின்னால் இந்தக் குரலுக்கான பலனை வட்டியோடு அனுபவித்தேன்.

முதல் கட்டம் ஜூலை நடுவில் நடந்தது. இருபத்தெட்டுப் பேரும் வந்தார்கள். ஒருவர்கூட விலகவில்லை, ஒருவர்கூடத் தாமதமில்லை. நான் கீழ்த்தளத்துக்குப் போய், ஏதோ நானே பெற்றெடுத்த பிள்ளைகள்போல, வரிசையான கட்டில்களைப் பார்த்துவிட்டு வந்தேன். பாதிப் பேர் நல்ல தேகக்கட்டு. தோளும் கையும் உருண்டு திரண்டு, நரம்பு தேட வேண்டிய அவசியமே இல்லை. "இந்தத் தடவை நல்ல ஆட்களாப் பிடிச்சிருக்கீங்க" என்று சிஸ்டரைப் பாராட்டினேன்.

மறுநாள் காலை அவர்கள் கிளம்பும்போது, ஒரு தோள்காரர் சிஸ்டரிடம் விடைபெற்றபடி தமிழில் சொன்னாராம்: "அப்போ வாறோம் சிஸ்டர். அடுத்த தடவைக்கு எங்கள எதிர்பாக்காதிய. நாங்க கடல்ல கெடப்போம்."

விசாரித்தால், பதினான்கு பேர் தோப்பும்படித் துறைமுகத்தில் இரண்டு விசைப்படகுகளில் வேலை பார்ப்பவர்கள். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர்கள். ஒருவர் கேள்விப்பட்டு வந்து, மற்றவர்களையும் கூட்டிவந்திருக்கிறார். மழைக்காலத்தில் மீன் முட்டையிடும் சில வாரங்களுக்குப் பெரிய படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று இங்கே ஒரு தடை உண்டு. தடைக்காலத்தில் அவர்களுக்கு வேலை இல்லை, அதனால்தான் அந்த அழகான வருகை. ஜூலை கடைசி நாளின் நள்ளிரவோடு தடை முடியும். முடிந்த நிமிடமே படகுகள் கிளம்பும், போனால் பத்து நாள் திரும்பாது. எங்கள் இரண்டாம் கட்டம் ஆகஸ்ட் முதல் வாரத்தில்.

இருபத்தெட்டில் பதினான்கு போனால் பதினான்கு. அந்த ஆள்கணக்கில் என் வேன் சந்துக்குள் நுழையவே நுழையாது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் குடும்பம் தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்கு வந்தது. அவள் கார்ப்பரேஷன் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறாள். மதுரையிலிருந்து நான் கொண்டுவந்த தமிழைவிட அவள் தமிழில் மலையாளமும் கிண்டலும் அதிகம். முழுவதும் கேட்டுவிட்டுக் கப்பைக்கிழங்கு நறுக்குவதை நிறுத்தினாள்.

"டெய்லி பஸ்ஸுல தோப்பும்படிப் பாலத்து மேலதானே போறீங்க?"

"ஆமா."

"ஒரு மாசமா கீழ அத்தன மீன்பிடி போட்டு சேத்துச் சேத்துக் கெட்டிக் கெடக்குதே, அது என்ன, அலங்காரத்துக்குன்னு நெனச்சீங்களா?"

அப்படித்தான் நினைத்திருந்தேன். ஜன்னலோர இருக்கை கிடைத்த நாட்களில் மழையில் நனைந்த அந்தப் படகு வரிசையைக் கைப்பேசியில் படமெடுத்து, மதுரையிலிருக்கும் தங்கைக்கு அனுப்பிக்கூட இருக்கிறேன்.

"பின்ன, தட முடிஞ்சா கிளிமீன் வாங்கணும்னு காலண்டர்ல வட்டம் போட்டது யாரு? நானா?"

சமையலறைச் சுவரில் அந்த வட்டம் சிவப்பு மையில் இருந்தது. மீன் எப்போது வரும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதைப் பிடிக்க யாராவது போக வேண்டும் என்பதுதான் கணக்கில் வரவில்லை. இந்தத் தப்பைச் செய்வதற்குப் பட்டப்படிப்பும் வேண்டும், மீன் ஆசையும் வேண்டும். இரண்டும் ஒருசேர அமைந்தவன் மையத்தில் நான் ஒருவன்தான்.

ஒரு வழி இருந்தது. இரண்டு கட்டங்களுக்கும் நடுவே 'குறைந்தது ஏழு நாள்' இடைவெளி வேண்டும் என்று ஆய்வுத் திட்டத்தில் நாங்களே எழுதியிருந்தோம். மருந்து உடம்பைவிட்டு வெளியேற அது தாராளம். ஆகஸ்டுக்குப் பதில் தடை முடிவதற்கு முன்பே நடத்தலாம். ஆனால் கட்டில்கள் காலியாக இருந்தது கடைசி இரண்டு நாள்தான். முப்பதாம் தேதி மாலை வந்து படுக்க வேண்டும், மறுநாள் காலை மருந்து, அதற்கு மறுநாள் காலை கடைசி ரத்தம். அதாவது, எல்லாப் படகுகளும் கிளம்பிப் போன பின் காலையில்தான் இவர்களை விடுவிக்க முடியும். டைரக்டர் சம்மதித்தார், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவித்தாயிற்று. படகுதான் சம்மதிக்க வேண்டும்.

சிஸ்டர் என்னையும் அழைத்துக்கொண்டு தோப்பும்படிக்குப் போனார். பதினான்கு பேரில் பத்துப் பேர் ஒரே படகு. அதன் ஸ்ராங்கு, அதாவது படகை ஓட்டுகிற தலைவர், வலைக்குவியலின் நடுவே உட்கார்ந்து வலை பின்னும் மர ஊசியால் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது. மழை தூறிக்கொண்டிருந்தது.

"வாருங்க சிஸ்டர். ரெத்தம் எடுக்க இங்கயே வந்திட்டியளா?"

சிஸ்டர் விஷயத்தைச் சொன்னார். ஸ்ராங்கு ஊசியை நிறுத்தாமலே கேட்டார்.

"நானும் வந்தேன், ஓர்ம இருக்கா? வயசு தாண்டிப்போச்சுன்னு வாசல்லயே திருப்பி விட்டிய. எனக்க ரெத்தம் பிடிக்கல்ல, எனக்க போட்டு மட்டும் வேணுமோ?"

சுற்றி வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சிஸ்டர் தலை குனிந்தார். வயது வரம்பை எழுதியதும் எங்கள் திட்டம்தான் என்பதால், நிலைமையைச் சீராக்க நான் முன்வந்தேன். எண்களைச் சொல்லக் கூடாது, அவர்கள் தொழிலிலிருந்தே சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே ஒரு உவமையைத் தயார்செய்து வைத்திருந்தேன்.

"அண்ணாச்சி, ஒரே வலைய ஒரே இடத்துல ரெண்டு நாள் போட்டா, ரெண்டு நாளும் ஒரே மாதிரியா மீன் விழும்?"

"விழாது."

"பாத்தீங்களா! உடம்பும் அப்படித்தான். அதனாலதான் எங்களுக்கு இத்தனை பேர்..."

"ஒரே எடத்துல எதுக்கு சார் ரெண்டு நாளு வல போடணும்? மொத நாளே வழிச்சு எடுத்தாச்சே."

இப்போது சிஸ்டரும் சிரித்தார். நான் குடையை மடக்கி மறுபடி விரித்தேன். செய்வதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை.

"சாரு மீனு பிடிச்சிருக்காரா?" என்றது ஒரு குரல்.

"தின்னுதான் பழக்கம் போல" என்றது இன்னொன்று.

ஸ்ராங்கு ஊசியைக் கீழே வைத்தார். சிஸ்டரை மட்டும் பார்த்துக் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் நேராச் சொல்லுங்க. கடைசி ரெத்தம் எடுத்திட்டு எனக்க ஆளுக வந்தா, அண்ணைக்கே கடலுக்கு எறங்கி வல வலிக்கலாமா?"

எனக்குப் பதில் தெரியும். எடுக்கும் ரத்தத்தின் அளவு அதிகமில்லை, ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாய் திறந்தேன். சிஸ்டர் முந்திக்கொண்டார்.

"வேண்டாம் அண்ணா. ஒரு நாள் ரெஸ்ட் எடுக்கணும். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா நடுக்கடல்ல ஒருத்தருக்குத் தல சுத்தினா அங்க நான் இருக்க மாட்டேன். அவங்க வந்தே ஆகணும்னும் இல்ல. பாதியில விட்டாலும் யாரும் ஏன்னு கேக்க முடியாது, காரணமும் சொல்ல வேண்டாம். எழுதிக் கொடுத்த பேப்பர்லயே இருக்கு."

அந்த வாசகம் பேப்பரில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நானும் பல ஆய்வுகளின் படிவங்களில் பார்த்திருக்கிறேன். அதை இப்படி, தனக்கே ஆப்பு வைத்துக்கொள்வதற்காக ஒருவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. நாங்கள் கேட்க வந்தது ஒரு இரவுத் தாமதம். சிஸ்டர் அதை ஒரு முழு நாளுக்கும் மேல் ஆக்கிவிட்டார். தடை முடிந்த முதல் நாளில் எல்லாப் படகும் போய்ப் பிடித்துவர, ஒரு படகு மட்டும் துறையில் கட்டிக் கிடப்பதா? அவரைப் பார்த்து நான் இருமினேன். அவர் திரும்பவில்லை.

ஸ்ராங்கு தைத்த இடத்தை இழுத்துப் பார்த்தார்.

"தட முடிஞ்சு மொத தடவ எறங்கும்போ, அச்சன் வந்து போட்டை மந்திரிக்கணும். மந்திரிக்காம எனக்க போட்டு நகராது" என்றார். அச்சன் என்றால் பங்குத்தந்தை, மந்திரிப்பது என்றால் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பது. "கடைசி நாளு எல்லாவனும் அச்சனப் பிடிக்க வரிசையில நிப்பான். அச்சனும் மனுசன்தானே. நான் எனக்க போட்டுக்கு அடுத்த நாளு சாயங்காலம் வரச்சொல்லிக் கேட்டுப் பாக்கேன். மந்திரிச்சு முடிச்சு, ராத்திரி ஒறங்கிட்டு, பெறகு போறோம்."

"முதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டாரா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"அச்சன் வரல்லன்னா முதலாளி என்ன செய்வான்? அவனுக்குப் பயமிருக்குல்லா." ஊசியை மறுபடி எடுத்தார். "இந்த சாரு கேட்டதுக்கு இல்ல கேட்டியளா. நீங்க உள்ளதச் சொன்னிய, அதுக்கு."

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதாவது, வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லும்போது அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டேன்.

"மத்த போட்டுல நாலு பேர் இருக்காங்களே, அந்த ஸ்ராங்குகிட்டயும் நீங்க ஒரு வார்த்தை..." என்று கிளம்பும் முன் ஸ்ராங்கிடம் ஆரம்பித்தேன்.

"அவனுக்கும் எனக்கும் பேச்சில்ல" என்றார். அத்தோடு அந்த நாலு பேர் என் கணக்கில் கடலுக்குப் போய்விட்டார்கள்.

சிஸ்டர் அதோடும் விடவில்லை. பத்துப் பேரையும் தனித்தனியாகக் கைப்பேசியில் கூப்பிட்டு, ஸ்ராங்கு சொன்னார் என்பதற்காக வர வேண்டாம், அவரவருக்கு இஷ்டமிருந்தால் மட்டும் வந்தால் போதும் என்று சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ரத்த அழுத்தம் ஏறியது. "சிஸ்டர், நீங்க ஆள் சேக்குறீங்களா, கலைக்கிறீங்களா?" என்றேன். "இஷ்டமில்லாத ஆளோட கைய எனக்குப் பிடிக்க வராது சாரே" என்றார்.

முப்பதாம் தேதி மாலை நான் வீட்டுக்குப் போகாமல் கீழ்த்தளத்தில் நின்றேன். புள்ளியியல்காரனுக்கு அங்கே எந்த வேலையும் கிடையாது. வாசலில் ஒரு நாற்காலி போட்டு, வருகிறவர்களைக் கல்யாண வீட்டு மாமனைப்போல வரவேற்றுக்கொண்டிருந்தேன். படகுக்காரர்கள் பத்துப் பேரும் சேர்ந்தே வந்தார்கள். "மீனு தின்னுற சாரு வந்திருக்காரு" என்று ஒருவர் மற்றவருக்கு அறிமுகம் செய்தார். பிறகு ஆட்டோ ஓட்டுகிறவர்கள், ஹோட்டல் வேலைக்காரர்கள், பெயிண்டர்கள். கடைசியாக ஒருவர் வந்தபோது இருபத்து நான்கு ஆயிற்று. நான் எழுந்து நின்றேன். துல்லியமாக இருபத்து நான்கு! என் எண் கால் முளைத்து வந்து உள்ளே நடந்துபோவதைப் பார்த்த முதல் தடவை அது.

அந்தக் கடைசி ஆள், மட்டாஞ்சேரி பெயிண்டர், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர். உள்ளே போகும் எல்லோரும் ஒரு கருவியில் ஊத வேண்டும், குடித்திருந்தால் காட்டிக்கொடுக்கும். இவர் ஊதினார். கருவி கத்தியது.

"சிஸ்டரே, மச்சினனோட கல்யாணம். ஒரே ஒரு ஸ்மால். மதியம் அடிச்சது."

"வாய் கொப்பளிச்சிட்டு மறுபடி ஊதுங்க" என்றார் சிஸ்டர். கால் மணி நேரம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொன்னார். மறுபடியும் கத்தியது.

பெயிண்டர் என்னைப் பார்த்தார். பக்கத்துத் தெரு என்கிற பாசம் அந்தப் பார்வையில் இருந்தது. நான் சிஸ்டரைப் பார்த்தேன். அந்த நிமிடம் அங்கே எங்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை. நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருப்பேனா என்று கேட்டால், என்னைப் பற்றி எனக்கிருக்கும் நல்ல எண்ணத்துக்காக அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன்.

"போயிட்டு வாங்க சேட்டா. மச்சினனுக்கு என்னோட வாழ்த்து சொல்லுங்க" என்று சிஸ்டர் அவர் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டார். அவர் வெளியே போகும்வரை சிரித்த முகமாக நின்றார். கதவு மூடியதும் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இருபத்து மூணு சாரே."

"ம்."

"கழிஞ்சு. எல்லாம் கழிஞ்சு. இருபத்து நாலுக்குக் கீழ போகவிடாதீங்கன்னு நீங்க சொன்னீங்க. ரெண்டு வாரமா நான் சரியாத் தூங்கல. மகள்கிட்ட இனிமே ராத்திரி அம்மா வீட்டுலதான்னு சொல்லியாச்சு." கண்ணைத் துடைக்கவில்லை. கையுறை போட்டிருந்தார், அதனால் முழங்கையால் மூக்கை மட்டும் தேய்த்துக்கொண்டார்.

நான் அந்த இருபத்து நான்கைப் பற்றி அதுவரை யாரிடமும் சொல்லாததை அப்போது சொல்ல வேண்டியிருந்தது.

"சிஸ்டர், ஒருத்தர் குறைஞ்சா எண்பது தடவை ஜெயிக்கிற ஆய்வு எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது தடவை ஜெயிக்கும். அவ்வளவுதான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அப்போ இருபத்து நாலு?"

"அது ஒரு மதிப்பீடு. வேற ஊர்ல வேற ஆட்களை வச்சு யாரோ செஞ்ச ஆய்வுலருந்து ஒரு அளவை எடுத்தேன். அது இங்கேயும் சரியா இருக்கும்னு நெனச்சேன். ரெண்டு மாத்திரைக்கும் வித்தியாசம் அஞ்சுன்னு வச்சேன், அது மூணாவும் இருக்கலாம், ஏழாவும் இருக்கலாம். அதையெல்லாம் உள்ள போட்டதுல மெஷின் இருபத்து நாலுன்னுச்சு. அது ஒண்ணும் கரை இல்லை, தாண்டினா முழுகிப்போக."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீங்க இருபது பேரோட நிறுத்தியிருப்பீங்களோன்னு..."

"நான்?" என்றார் சிஸ்டர். அதற்கு மேல் மலையாளத்தில் வேகமாகச் சொன்னார். எனக்கு மலையாளம் நன்றாகவே தெரியும், என்றாலும் தெரியாத மாதிரி நின்றேன். திட்டி முடித்தபோது குரல் பழையபடி ஆகியிருந்தது. எழுந்து புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, "எல்லாருக்கும் சாப்பாடு கொடுக்கணும். சார் வீட்டுக்குப் போங்க, இங்க நின்னு என்ன செய்யப்போறீங்க" என்று உள்ளே போனார். கட்டில்களின் பக்கமிருந்து ஏதோ ஒரு கேலியும், அவர் பதிலும், பத்துப் பேர் சிரிப்பும் கேட்டன.

ரத்தக் குழாய்கள் பரிசோதனைக்கூடத்துக்குப் போயின. ஸ்ராங்கின் படகு மந்திரிக்கப்பட்டு, ஒரு இரவு உறங்கிவிட்டு, எல்லோருக்கும் பின்னால் கிளம்பியது. அதற்கு முந்தைய நாள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், மற்ற படகுகள் போய்விட்ட துறையில் அது ஒன்று மட்டும் கொடிக்கயிறெல்லாம் கட்டிக்கொண்டு நின்றது. இந்தத் தடவை படமெடுக்கத் தோன்றவில்லை.

அளவுகள் என் கணினிக்கு வந்து சேர ஓணம் நெருங்கிவிட்டது. வந்த அன்று மத்தியானம் சிஸ்டரைக் கூப்பிடாமல் நானே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று இருந்தேன். மோசமாக இருந்தால் எப்படிச் சொல்வது என்று யோசிக்கக் கொஞ்ச நேரம் கிடைக்குமே. ஆனால் கீழே யாரோ சொல்லி, அவர் வந்து கதவருகில் நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"நீங்க பாருங்க. நான் இங்க நிக்கறேன்."

பொத்தானை அழுத்தினேன். கணினிக்கு இதற்கெல்லாம் ஒரு வினாடிகூட ஆகாது. இத்தனை பேருடைய கை, ஒரு படகின் முதல் நாள், ஒரு பங்குத்தந்தையின் மாலைப்பொழுது, எல்லாம் ஒரே வரியில் இரண்டு எண்களாக வந்து நின்றன. ஒரு எண்ணைப் படித்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன்.

"எண்பத்தாறு" என்றேன்.

"அது கீழயா, மேலயா?"

"கீழ். மேல நூத்தி ஆறு."

"வேலிக்குள்ளயா?"

"உள்ளதான் சிஸ்டர். ரெண்டு பக்கமும் இடமிருக்கு."

அவர் சுவரிலிருந்து திரும்பினார். பிறகு உள்ளே வந்து, என் மேசையிலிருந்த, நான் பாதி குடித்து வைத்திருந்த ஆறிப்போன சாயாவை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார். குடித்த பிறகுதான் அது யாருடையது என்று தோன்றியிருக்க வேண்டும்.

"அய்யோ, சாருடையதா?"

"பரவாயில்லை."

"சாரே, நைட் டியூட்டி ஸ்வெட்டர் கீழ லாக்கர்லயே இருக்கு. வார்டு ஏ.சி. குளிருக்குப் போடறது. பொறுப்பு கொடுத்த அன்னைக்கே எடுத்துட்டுப் போறேன்னு நெனச்சேன், தைரியம் வரல" என்றார். "இன்னிக்கு எடுத்துட்டுப் போகட்டா? இல்ல, டைரக்டர் சொல்ற வரைக்கும் பொறுக்கணுமா?"

டைரக்டர் ஊரில் இல்லை, திங்கள்கிழமைதான் வருவார். அறிக்கை எழுதி, கையெழுத்தாகி, அவர் பார்த்த பிறகே எதுவும் முடிவாகும். இதையெல்லாம் விளக்கமாகச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு.

"எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

அவர் படியிறங்கிப் போனார். நான் ஜன்னலுக்கு வந்தேன். சாயங்கால ஷிஃப்ட் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. பள்ளிக்கூட வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடப்பள்ளி சந்திப்பில் சிக்கிக்கொண்டு ஹாரன் அடித்தன. கேட்டைத் தாண்டி சிஸ்டர் வேகமாக நடந்துகொண்டிருந்தார். ஆகஸ்ட் வெயிலில், கம்பளி ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு.